ஒளி தள்ளுமா, ஹஜ்ரத்?



சென்ற மாதம் எங்கள் மத்ரஸாவில் நடந்த ஒரு சிறு நிகழ்வையும், அதனால் எனக்கு நேர்ந்த ஒரு திருத்தத்தையும் உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன். இது அறிவியல் கட்டுரை அன்று. நான் அறிவியல் படித்தவனும் அல்லன். ஆயினும் அறிவியலைத் தொடாமல் இதைச் சொல்லவும் இயலாது.

அன்று அஸருக்குப் பின் சூரா யூனுஸின் ஐந்தாம் வசனத்தைப் பிள்ளைகளுக்கு விளக்கிக்கொண்டிருந்தேன். சூரியனுக்கு ‘ளியா’ என்ற சொல்லையும் சந்திரனுக்கு ‘நூர்’ என்ற சொல்லையும் அவ்வசனம் தனித்தனியே ஆள்வதைச் சுட்டி, இரண்டுக்கும் மொழியறிஞர்கள் கூறும் வேறுபாட்டைச் சொல்லிக்கொண்டிருந்தபோது, மேற்குச் சன்னல் வழியே வெயில் ரேஹால்களின்மேல் சாய்ந்து விழுந்தது. கடைசி வரிசையில் இருந்த பன்னிரண்டு வயது மாணவன் ஒருவன் எழுந்தான். “ஹஜ்ரத், இந்த வெயில் நம்மைத் தள்ளுமா? வெயிலாலேயே ஒரு கப்பல் வானத்தில் போகுமா?” என்று கேட்டான்.

வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன் என்பதை இங்கு மறைக்க விரும்பவில்லை. “ஒளி ஒரு பொருளா, தள்ளுவதற்கு? அதற்கு எடையும் இல்லை, உடலும் இல்லை. உட்கார்ந்து ஓது” என்றேன். மாணவப் பருவத்தில் அகீதா பாடத்தில் ஜவ்ஹர், அரள் என்னும் பிரிவைப் படித்திருந்தேன். தானே நிற்பது ஜவ்ஹர். மற்றொன்றைச் சார்ந்து நிற்கும் பண்பு அரள். ஒளியை அரள் என்று எங்கள் உஸ்தாத் சொன்னது நினைவில் நின்றது. பண்பு எவ்வாறு தள்ளும்? இந்த ஒரு நினைவை ஊன்றுகோலாக வைத்துக்கொண்டு, எனக்குச் சிறிதும் பழக்கமில்லாத ஒரு துறையில் தீர்ப்புக் கூறிவிட்டேன். பையன் முகம் சிவந்து அமர்ந்தான். அதன்பின் ஒரு வாரம் அவன் எதையுமே கேட்கவில்லை. வகுப்பில் மிகுதியாகக் கேட்பவன் அவன்தான்.

அவனது மௌனம் என்னை உறுத்தியது. எங்கள் தெருவில் பணி ஓய்வு பெற்ற இயற்பியல் ஆசிரியர் ஒருவர் இருக்கிறார், மாற்றுச் சமயத்தவர், என்மீது அன்புள்ளவர். ஒருநாள் இஷாவுக்குப் பின் அவருடைய திண்ணையில் அமர்ந்து பேச்சை எடுத்தேன். அவர் சிரிக்கவில்லை. “உங்கள் மாணவன் சொன்னது சரிதான், ஹஜ்ரத். தள்ளும்” என்றார்.

அன்றிரவு அவர் சொல்லக் கேட்டதையும், பின்னர் நானே தேடிப் படித்ததையும் சேர்த்துச் சொல்கிறேன்.

ஒளிக்கு நிறை இல்லை என்பது உண்மையே. ஆனால் ஓடும் பொருளுக்குள்ள உந்தம் அதற்கு உண்டு. ஒரு பரப்பின்மேல் விழும்போது அந்த உந்தத்தை அது அப்பரப்பிடம் கொடுக்கிறது. கறுப்புப் பரப்பு ஒளியை விழுங்கிக்கொள்வதால் ஒரு மடங்கு தள்ளு கிடைக்கிறது. கண்ணாடி போன்ற பரப்பு அதைத் திருப்பி அனுப்புவதால் ஏறத்தாழ இரு மடங்கு கிடைக்கிறது. சுவரில் எறிந்த பந்து ஒட்டிக்கொள்வதற்கும் திரும்பித் தெறிப்பதற்கும் உள்ள வேறுபாடு அது. ஸ்காட்லாந்து அறிஞர் மேக்ஸ்வெல் 1873-இல் இதைக் கணக்காக எழுதிவைத்தார். இருபத்தேழு ஆண்டுகள் கழித்து, 1900-இல், மாஸ்கோவில் லெபடேவ் என்பவர் வெற்றிடக் கண்ணாடிக் குடுவைக்குள் மெல்லிய தகடுகளைத் தொங்கவிட்டு, ஒளி அவற்றைத் தள்ளுவதை அளந்து காட்டினார். நம் நாட்டிலும் கல்கத்தாவில் மேகநாத சாஹா இளமையிலேயே ஒளியின் அழுத்தத்தை ஆராய்ந்து எழுதியிருக்கிறார்.

எவ்வளவு தள்ளும்? இங்கேதான் என் மனம் நெடுநேரம் நின்றது. எங்கள் மத்ரஸாவின் மொட்டைமாடி பத்து மீட்டருக்குப் பத்து மீட்டர் இருக்கும். அந்த அளவுக்கு ஒரு கண்ணாடிப் பாயை வளிமண்டலத்துக்கு வெளியே கொண்டுபோய்ச் சூரியனுக்கு நேராக விரித்தால், அதன்மேல் விழும் வெயில் முழுவதும் சேர்ந்து தள்ளுவது இங்கே நாலைந்து அரிசி மணிகளைத் தூக்கும் விசைக்குச் சமம். அவ்வளவே. நாலைந்து மணி அரிசி! இவ்வளவு சிறியதைக் காற்றும் உராய்வும் நிறைந்த இந்தப் பூமியில் எவர் உணர முடியும்? ஆனால் விண்வெளியில் காற்றும் இல்லை, உராய்வும் இல்லை. வெயிலோ நாள்முழுதும் ஓயாது. ஜப்பானியர் 2010 மே 21-இல் ‘இக்காரோஸ்’ என்ற கலத்தை ஏவினார்கள். பதினான்கு மீட்டர் சதுரமான பாய். அதன் கனம் ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குக்கும் குறைவு. அந்தப் பாயின்மேல் ஒளி தள்ளிய அளவு 1.12 மில்லிநியூட்டன் என்று கண்டார்கள். அதுவும் ஏறத்தாழ அதே அரிசி மணிக் கணக்குத்தான். கலத்தின் நிறையோ முந்நூறு கிலோவைத் தாண்டும். இந்த இரண்டையும் வைத்து ஆசிரியர் ஒரு தாளில் வகுத்துக் காட்டினார். ஒரு நாள் முழுவதும் தள்ளினால் விநாடிக்கு முப்பது சென்டிமீட்டர் வேகம்தான் கூடும். நூறு நாள் விடாமல் தள்ளினால் மணிக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல் கூடிவிடும். ஒரு சொட்டு எரிபொருளும் செலவில்லாமல்!

அரிசி மணிக் கணக்கைக் கேட்டதும் சூரா ஸில்ஸாலில் வரும் ‘தர்ரா’ என்ற சொல் என் நாவில் வந்துவிட்டது. ஆனால் அதை அங்கே சொல்லாமல் அடக்கிக்கொண்டேன். ஏன் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

“நம் நாட்டில் யாரேனும் இப்படிப் பாய் கட்டியிருக்கிறார்களா?” என்று கேட்டேன். அவர் சொன்ன பதில் எனக்குப் பெருவியப்பைத் தந்தது. பயணத்துக்கு அன்று, சாயாமல் நிற்பதற்காக நம் நாட்டுச் செயற்கைக்கோள்களில் 1982 முதலே ஒளிப்பாய் இருந்திருக்கிறது. இன்சாட் வரிசையைத்தான் சொன்னார். தூர்தர்ஷன் செய்தியின் இறுதியில் மேகப்படம் காட்டுவார்களே, அதை அனுப்பியது இவ்வரிசைதான். இரவிலும் மேகங்களைப் படமெடுக்கும் அதன் கருவி வெப்பக் கதிரை உணர்வதால், அதைக் கடுங்குளிரில் வைத்திருக்க வேண்டும். அதற்காக வடபுறத்தை இருண்ட வானத்துக்குத் திறந்துவிட்டு, மின்சாரம் எடுக்கும் சூரியத் தகடுகள் அனைத்தையும் தென்புறத்திலேயே வைத்தார்கள். அப்போது வெயில் தென்புறத் தகட்டை மட்டும் தள்ளும். கோள் மெல்ல மெல்லத் திருகிக்கொள்ளும். இதை ஈடுசெய்ய வடபுறத்தில் ஒரு நீண்ட கம்பத்தை நீட்டி, அதன் நுனியில் சிறிய பாய் ஒன்றைப் பொருத்தினார்கள். பாய் சிறிது; ஆனால் தொலைவில் இருக்கிறது. பழைய தூக்குக்கோலில் கனத்த மூட்டையைச் சிறு குண்டு ஒன்று தள்ளி நின்று சமன்செய்வதைப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும்.

இதைக் கேட்டபோது எனக்குக் கோட்டைப்பட்டினத்து மாமா நினைவுக்கு வந்தார். என் தாயாரின் ஊர் அது. சிறுவயதில் விடுமுறைக்குச் செல்லும்போது பாய்மர வத்தைகளைக் கரையில் நின்று பார்ப்போம். கொண்டல் காற்றில் பாய் புடைத்து வத்தை ஒரு பக்கம் சாயும்போது, எதிர்ப்பக்கம் நீட்டிய பலகையின்மேல் ஆட்கள் ஏறி நுனிவரை நகர்ந்து அமர்வார்கள். காற்று வலுத்தால் இன்னும் வெளியே நகர்வார்கள். தணிந்தால் உள்ளே வருவார்கள். கனத்த ஆள் தேவையில்லை, நுனிக்குப் போகத் துணிந்தவனே தேவை என்பார் மாமா. முப்பத்தாறாயிரம் கிலோமீட்டர் உயரத்தில், காற்றுக்குப் பதில் வெயிலை வைத்து, அதே வேலையை ஒரு கம்பமும் ஒரு பாயும் செய்திருக்கின்றன.

முதல் கோளான இன்சாட்-1ஏ 1982 ஏப்ரல் 10-இல் ஏவப்பட்டது. அமெரிக்க நிறுவனம் ஒன்று நமக்காகக் கட்டியது. அதில் அந்தப் பாய் விரியவேயில்லை. பாய் இல்லாத குறையை எரிபொருளை எரித்து ஈடுகட்ட வேண்டியதாயிற்று. செப்டம்பரில் கோள் நிலை தவறி, எஞ்சிய எரிபொருளும் தீர்ந்து, ஆறு மாதம் நிறைவதற்குள் கைவிடப்பட்டது. பாய் மட்டுமே காரணம் அன்று, வேறு கோளாறுகளும் இருந்தன. எனினும், நாலைந்து அரிசி மணிக்கும் குறைந்த ஒரு தள்ளு, கோடிக்கணக்கில் செலவழித்த ஒரு கோளை நாள்தோறும் வருத்தியிருக்கிறது! அடுத்த ஆண்டு ஆகஸ்டு 30-இல் ‘சேலஞ்சர்’ விண்ணோடத்தில் சென்ற இன்சாட்-1பி தொடக்கத் தடுமாற்றத்துக்குப் பின் நிலைபெற்றுப் பல்லாண்டு உழைத்தது. நம் வீடுகளுக்குத் தொலைக்காட்சி பரவியது அதன் காலத்தில்தான். 1992 ஜூலை 10-இல் சென்ற இன்சாட்-2ஏ நம் நாட்டிலேயே கட்டப்பட்டது. அதிலும் கம்பமும் பாயும் உண்டு.

மேகப்படம் என்பது நம் பகுதிக்குப் பொழுதுபோக்கு அன்று. 2018 நவம்பர் 16-ஆம் நாள் அதிகாலையில் கஜா புயல் கரைகடந்து நம் மாவட்டத்தின்மேல் வந்ததை எவரும் மறந்திருக்க முடியாது. தென்னையும் பலாவும் சாய்ந்து, பல நாள் மின்சாரமின்றி, பாங்கு சொல்ல ஒலிபெருக்கியும் இல்லாமல் இருந்தோம். மரங்களைக் காக்க முடியவில்லை. ஆனால் வருகிறது என்று முன்னரே அறிந்ததால் கரையோர மக்களை அப்புறப்படுத்த முடிந்தது. அப்போது வானில் இருந்தவை பிற்காலத்துக் கோள்கள். ஆயினும் அந்தப் பணியைத் தொடங்கிவைத்தது பாய் கட்டிய பழைய வரிசையே.

இனி, நான் நாவை அடக்கிக்கொண்ட கதை. ஆசிரியரிடம் பேசிய மறுநாளே எங்கள் ஜமாஅத் வாட்ஸ்அப் குழுவில் இப்பொருள் பற்றி எழுதினேன். ஒரு மணி நேரத்துக்குள் ஒரு சகோதரர் நீண்ட செய்தி ஒன்றை அனுப்பினார். எங்கிருந்தோ வந்து பலமுறை பகிரப்பட்டது. சூரா ரஹ்மானின் 33-ஆம் வசனத்தில் வரும் ‘சுல்தான்’ என்ற சொல் ஒளியின் உந்துவிசையையே குறிக்கிறது என்றும், ஆயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு முன்பே ஒளிப்பாய்க் கப்பலைக் குர்ஆன் அறிவித்துவிட்டது என்றும் அது முழங்கியது. சான்றாக ஒரு காணொளியும் இணைத்திருந்தார்கள். கண்ணாடிக் குமிழுக்குள் நான்கு சிறு தகடுகள், ஒரு பக்கம் கறுப்பு, மறுபக்கம் வெள்ளை. வெயிலில் வைத்ததும் காற்றாடிபோல் சுழல்கின்றன. “ஒளி தள்ளுவதைக் கண்ணால் பாருங்கள்” என்ற தலைப்பு. கீழே வரிசையாக “ஸுப்ஹானல்லாஹ்”.

உண்மையைச் சொல்வதானால் எனக்கும் உள்ளம் குளிர்ந்தது. மாணவனிடம் பட்ட வெட்கத்துக்கு இதுவே மருந்து என்று எண்ணினேன். மறுநாள் வகுப்பில் காணொளியைக் காட்டி, வசனத்தை ஓதி, எல்லாம் நம் வேதத்தில் உள்ளதே என்று முடித்துவிடலாம். நல்லவேளையாக முதலில் ஆசிரியரிடம் காட்டினேன். அவர் ஒருமுறை பார்த்துவிட்டு, “தகடு எந்தப் பக்கமாகச் சுற்றுகிறது, கவனியுங்கள்” என்றார். கறுப்புப் பக்கம் பின்வாங்கிச் சுற்றியது. ஒளி தள்ளுவதானால் வெள்ளைப் பக்கமல்லவா கூடுதல் தள்ளுப் பெற்றுப் பின்வாங்க வேண்டும்? சுழல்வது நேர்மாறாக. குமிழுக்குள் எஞ்சியிருக்கும் சிறிதளவு காற்று, சூடேறிய கறுப்புப் பக்கத்தின் அருகே செய்யும் வேலை அது. ஒளியின் தள்ளு அன்று. அதாவது, உண்மையான ஒரு செய்திக்குப் பொய்யான சான்று.

வசனத்துக்கும் இதே கதிதான். ‘சுல்தான்’ என்ற சொல்லுக்கு அதிகாரம், ஆற்றல், தெளிவான சான்று என்ற பொருள்களை முஃபஸ்ஸிர்கள் எழுதியிருக்கிறார்கள். ஒளியின் உந்தம் என்று நான் கற்ற தஃப்ஸீர்களில் எவரும் எழுதியதில்லை. எழுதாததை எழுதியதாகச் சொல்ல எனக்கு என்ன உரிமை? நம் முன்னோரின் பெருமைக்கு நாம் இட்டுக்கட்டவும் தேவையில்லை. ஹிஜ்ரி நான்காம் நூற்றாண்டில் பஸராவில் பிறந்த இப்னுல் ஹைஸம் ‘கிதாபுல் மனாழிர்’ நூலில், ஒளி தெறித்துத் திரும்புவதைச் சுவரில் பட்டுத் திரும்பும் உருண்டையோடு ஒப்பிட்டு விளக்கினார். ஒளி செல்லக் காலம் பிடிக்கும் என்றும் கருதினார். ஒளி சுவரைத் தள்ளும் என்று அவர் சொல்லவில்லை. சொன்னதைச் சொன்னாலே போதுமான பெருமை அவருக்கு உண்டு.

இவ்விடத்தில் ஒரு ஹதீஸை நினைவூட்ட விரும்புகிறேன். நபி (ஸல்) அவர்களின் மகனார் இப்ராஹீம் குழந்தைப் பருவத்திலேயே வஃபாத்தான நாளில் சூரிய கிரகணம் பிடித்தது. அக்குழந்தையின் மரணத்துக்காகவே சூரியன் இருண்டது என்று மக்கள் பேசிக்கொண்டார்கள். மகனை இழந்த தந்தைக்கு இதைவிட ஆறுதலான பேச்சு உண்டா? நபித்துவத்துக்கு இதைவிடப் பெரிய விளம்பரம்தான் உண்டா? அவர்கள் மௌனமாக இருந்திருந்தாலே போதும். ஆனால் எழுந்து நின்று மறுத்தார்கள். சூரியனும் சந்திரனும் எவருடைய மரணத்துக்காகவும் பிறப்புக்காகவும் கிரகணம் அடைவதில்லை, அவை அல்லாஹ்வின் அத்தாட்சிகள் என்ற கருத்தில் உரையாற்றினார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் இடம்பெற்ற இச்செய்தியை எத்தனையோ முறை பாடம் நடத்தியிருக்கிறேன். தமக்குச் சாதகமான தவறான சான்றையும் ஏற்காத நபியின் உம்மத்தில் நின்றுகொண்டு, அந்தக் கண்ணாடிக் குமிழை வகுப்பில் காட்ட இருந்தேனே என்று அன்றிரவு உறக்கம் வரவில்லை.

குழுவில் என் மறுப்பை எழுதினேன். இருவர் வருந்தினர், ஒருவர், “ஹஜ்ரத்தே இப்படிச் சொன்னால் பிள்ளைகளுக்கு ஈமான் எப்படி வளரும்?” என்று கேட்டார். அவர் கேட்டது கவலையால்தான், பகைமையால் அன்று. பத்து வருடம் கழித்து அந்தப் பிள்ளை கல்லூரியில் குமிழின் உண்மையை அறியும்போது, குமிழோடு சேர்த்து வசனத்தையும் கைவிட்டால் யார் பொறுப்பு என்று பதில் எழுதினேன். அவர் இன்னும் உடன்படவில்லை. பள்ளியில் சந்திக்கும்போது ஸலாம் சொல்லிக்கொள்கிறோம்.

மாணவனிடம் திருத்திச் சொல்வது இதைவிடக் கடினமாயிருந்தது. பிள்ளைகள் முன்னால் தவற்றை ஒப்புக்கொண்டால் மரியாதை போய்விடும், தனியே அழைத்துச் சொல்லுங்கள் என்றார் உடன் பணிபுரியும் ஆலிம் ஒருவர். அவர் சொன்னதிலும் நியாயம் உண்டு. ஆனால் நான் சிரித்தது எல்லோர் முன்னிலும் அல்லவா? இமாம் மாலிக் (ரஹ்) அவர்களிடம் தொலைதூரத்திலிருந்து ஒருவர் கொண்டுவந்த கேள்விகளில் பெரும்பாலானவற்றுக்கு ‘லா அத்ரீ’, எனக்குத் தெரியாது, என்றே பதில் கூறியதாக அறிவிக்கப்படுகிறது. அந்தச் சொல்லை அன்று சொல்லியிருந்தால் இவ்வளவும் வந்திராது.

சனிக்கிழமை அஸருக்குப் பின் வகுப்பைத் தொடங்குமுன் அந்த மாணவனை எழுப்பி நிறுத்தினேன். பையன் பயந்துவிட்டான். “அன்று நீ கேட்டது சரி. ஒளி தள்ளும். நான் தெரியாமல் பதில் சொன்னேன், சிரித்ததும் தவறு. என்னை மன்னித்துக்கொள்” என்றேன். வகுப்பு அமைதியாக இருந்தது. பிறகு அரிசி மணிக் கணக்கையும், வத்தைப் பலகையையும், இன்சாட் பாயையும் சொன்னேன். கரையூர்ப் பிள்ளைகள் இருவர் பலகையில் ஏறுவது எப்படி என்று பெஞ்சின்மேல் ஏறியே காட்டினார்கள்.

1997-இல் நாங்கள் கண்ட ஹேல்-பாப் வால்மீனைப் பற்றியும் சொன்னேன். அவ்வருடம் ஏப்ரலில் மஃரிப் தொழுதுவிட்டு வெளியே வந்தால் வடமேற்கு வானில் அது தெரியும். மறைந்த சூரியனுக்கு எதிர்ப்பக்கமாக அதன் வால் மேல்நோக்கி நின்றது. ஊருக்கு என்ன ஆகுமோ என்று முதியவர்கள் அஞ்சினார்கள்; நானும் சற்று அஞ்சினேன். வால்மீன் உதிர்க்கும் நுண்துகளைச் சூரிய ஒளியே தள்ளித்தான் அந்த வெண்ணிற வால் உண்டானது என்பதை அறிய எனக்கு இத்தனை ஆண்டுகள் ஆயின. கெப்லர் என்ற ஜெர்மானிய அறிஞர் நானூறு ஆண்டுகளுக்கு முன்பே வால்மீனின் வாலைப் பார்த்து, சூரியனின் கதிர்களே அதைத் தள்ளுகின்றன என்று ஊகித்திருக்கிறார்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அந்த மாணவன் மீண்டும் எழுந்தான். பழைய குரல் திரும்பியிருந்தது. “ஹஜ்ரத், வெயில் வெளிப்பக்கமாகத்தானே தள்ளும்? அந்த ஜப்பான் கப்பல் வெள்ளிக் கிரகத்துப் பக்கம் போனது என்றீர்கள். வெள்ளி சூரியனுக்கு இன்னும் கிட்டத்தில் அல்லவா இருக்கிறது? எதிர்க்காற்றில் எப்படிப் போனது?”

இம்முறை நான், “எனக்குத் தெரியாது, கேட்டுச் சொல்கிறேன்” என்றேன்.

ஆசிரியரிடம் கேட்டேன். ஏவிய ராக்கெட்டே அதை வெள்ளியை நோக்கித்தான் அனுப்பியது. அது ஒரு பாதி விடை என்றார். மறுபாதி பாயின் சாய்வில் இருக்கிறதாம். பாயைச் சாய்த்துப் பிடித்து, சூரியனைச் சுற்றும் கலத்தின் வேகத்தை ஒளியைக் கொண்டே குறைத்தால், அது தானாகச் சூரியனை நோக்கித் தாழ்ந்து வரும்; கூட்டினால் விலகிப் போகும். எனக்கு அது முழுமையாக விளங்கவில்லை. வரும் ஞாயிறு அவரையே மத்ரஸாவுக்கு அழைத்திருக்கிறேன். வருவதாக ஒப்புக்கொண்டார். பிள்ளைகள் கேள்விகளைத் தாளில் எழுதிச் சேர்த்து வருகிறார்கள். நேற்றுவரை பதினேழு ஆகியிருக்கிறது.